சேற்றுக்கும் சாலைக்கும் ஒரே வண்டி: ஃபோர் வீல் டிரைவ் தேர்வு செய்வது எப்படி?

ஃபோர் வீல் டிரைவ் வாங்கும் எண்ணம் வந்ததும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது எஞ்சின் திறனையும் வெளித்தோற்றத்தையும். அதற்கு முன்பே பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி வேறு: நீங்கள் வழக்கமாகப் போகும் வழிகளிலேயே மிக மோசமான நூறு மீட்டர் எது? தூண்டில் போடப் போகிறவருக்கு அது பாசி படிந்த படகுச் சரிவாக இருக்கலாம். குதிரை வைத்திருப்பவருக்கு, மழையில் ஊறிய புல்வெளியில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு கடக்க வேண்டிய வாசல். நாய்களோடு காட்டோரம் போகிறவருக்கு, டிராக்டர் ஓடி ஓடி ஆழமாகக் குழிந்த வண்டித்தடம். அந்த நூறு மீட்டரை வண்டி கடந்தே ஆக வேண்டும். மற்ற நாளெல்லாம் அதே வண்டிதான் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், கடைக்குப் போய் வரவும், நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடவும் வேண்டும். இரண்டையும் ஒரே வண்டியிடம் எதிர்பார்ப்பதால்தான் தேர்வு சிக்கலாகிறது.

வண்டியின் பின்கதவில் "4×4" என்று ஒட்டியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த ஒரே அடையாளத்துக்குப் பின்னால் வேலை செய்யும் விதத்தில் முற்றிலும் வேறுபட்ட மூன்று அமைப்புகள் இருக்கின்றன. எது எங்கே உதவும், எங்கே கைவிடும் என்று தெரிய வேண்டுமானால் டிஃபரன்ஷியலில் இருந்து தொடங்க வேண்டும்.

டிஃபரன்ஷியல் செய்யும் வேலை

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது, உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் போகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஏதாவது ஒன்று தரையில் உரசி இழுபட வேண்டிவரும். அதைத் தவிர்க்கத்தான் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கிறது. ஆனால் முறுக்குவிசையை இரண்டுக்கும் சமமாகத்தான் பிரித்துக் கொடுக்கும்.

சிக்கல் இங்கேதான். ஒரு சக்கரம் வழுக்கும் சேற்றில் இருந்தால் அதைச் சுற்ற மிகக் குறைந்த விசையே போதும். அந்தக் குறைந்த விசைக்குச் சமமான அளவுதான் கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் போகும். அதனால் ஒரு சக்கரம் வீணாகச் சுழல, மற்றது அசையாமல் நிற்கிறது. இரு சக்கர இழுவை வண்டி பாதிச் சேற்றிலேயே மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

நான்கு சக்கரங்களுக்கும் இழுவை கொடுத்தால் முன்னும் பின்னும் ஆளுக்கொரு டிஃபரன்ஷியல் இருக்கும். முன்னால் இடது சக்கரமும் பின்னால் வலது சக்கரமும் பள்ளத்தில் தொங்கினால், நான்கு சக்கர இழுவை இருந்தும் வண்டி நின்றுவிடும். நாலு சக்கரத்துக்கும் இழுவை இருக்கிறதே, எப்படி மாட்டும் என்று முதல்முறை திகைப்பவர்கள் நிறைய. டிஃபரன்ஷியல் லாக்கும், பிரேக் வழியாக வேலை செய்யும் டிராக்ஷன் கன்ட்ரோலும் இதற்கான மருந்துகள். அவற்றைப் பிறகு பார்ப்போம்.

மூன்று அமைப்புகள்

முதலாவது பார்ட் டைம். சாதாரண ஓட்டத்தில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். லீவரையோ சுவிட்சையோ மாற்றினால், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஆக்ஸிலையும் (சக்கர அச்சையும்) சேர்த்து, முன்னையும் பின்னையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். சுசுகி ஜிம்னி, டொயோட்டா ஹைலக்ஸின் பெரும்பாலான வகைகள், பல பிக்கப்கள் இப்படித்தான். பாகங்கள் குறைவு, உறுதி அதிகம், பழுது பார்க்கவும் எளிது.

ஆனால் இதில் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீளமான பாதையில் போகும். இரண்டு ஆக்ஸிலும் ஒன்றாகப் பூட்டியிருப்பதால் அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் ஷாஃப்ட்களிலும் கியர்களிலும் முறுக்காகச் சேரும். மண்ணிலோ சரளையிலோ டயர் லேசாக வழுக்கி அந்த முறுக்கைக் கழித்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் கழியாது. ஸ்டியரிங் கனக்கும், டயர் கீச்சிடும், யாரோ பிரேக் பிடித்தது போல வண்டி தயங்கும். கடைசியில் லீவரை 2 ஹைக்கு, அதாவது இரு சக்கர இழுவைக்கு, திருப்பவே முடியாது. அப்படி இறுகிவிட்டால் லீவரோடு மல்லுக்கட்டாதீர்கள். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்து, பிறகு லீவரைத் தள்ளுங்கள்; விட்டுவிடும். இதைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலியோ, ஷாஃப்டின் மூட்டான யூ ஜாயின்டோ போகும்.

ஆகவே பார்ட் டைம் வண்டி மழை நனைத்த சாலையில் இரு சக்கர இழுவை வண்டிதான். ஈரச்சாலை பாதி, காய்ந்த சாலை பாதி என்று மாறி மாறி வரும் ஊர்ப்புற வழிகளில் இது பெரிய குறை. பாரமில்லாத பிக்கப்பின் பின்பக்கம் இலேசாக இருப்பதால், ஈரமான வளைவில் வால் வீச அதற்கு அதிக உற்சாகம் தேவையில்லை.

இரண்டாவது ஃபுல் டைம். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சென்டர் டிஃபரன்ஷியல் இருப்பதால் எந்தச் சாலையிலும் நான்கு சக்கர இழுவையிலேயே ஓட்டலாம். சேறு வந்தால் சென்டர் டிஃபரன்ஷியலை லாக் செய்துகொள்ளலாம். 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர், 1977இல் வந்த லாடா நிவா ஆகியவை இந்த வழியைப் பிரபலமாக்கின. மிட்சுபிஷி 1991இல் இரண்டாம் தலைமுறை பஜேரோவில் கொண்டுவந்த சூப்பர் செலக்ட் இன்னும் வசதி: இரு சக்கரம், சாலைக்கான நான்கு சக்கரம், பூட்டிய நான்கு சக்கரம், பூட்டிய லோ (வேகம் குறைவு, விசை அதிகம்) என நான்கு நிலைகள். சாலையும் சேறும் சரிபாதியாக வரும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்பது எங்கள் கணிப்பு. விலையாகக் கொடுப்பது கொஞ்சம் கூடுதல் எரிபொருளும், கவனித்துக்கொள்ள வேண்டிய பாகங்கள் சிலவும்.

மூன்றாவது, தேவைப்பட்டால் மட்டும் சேரும் ஆல் வீல் டிரைவ். அடிப்படையில் இது முன்சக்கர இழுவைக் கார். பின் ஆக்ஸிலுக்கு முன்னால் எண்ணெயில் நனைந்த பல தட்டு கிளட்ச் ஒன்று இருக்கும். முன்சக்கரம் வழுக்குவதை, அல்லது வழுக்கப் போவதை, கணினி உணர்ந்து அந்தக் கிளட்சை இறுக்கும். ஈரப்புல், பனி, சரளை, கொஞ்சம் சேறு எல்லாவற்றுக்கும் இது தாராளமாகப் போதும். சாலையில் ஓட்டுவதற்கும் சுகம். ஆனால் ஆழச் சேற்றில் பத்து நிமிடம் உறுமவிட்டால் கிளட்ச் சூடேறும்; பாதுகாப்புக்காக அமைப்பே அதை விடுவித்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி வெறும் முன்சக்கர இழுவையாக மாறிவிடும். ஆற விடுவதைத் தவிர அப்போது வேறு வழி இல்லை. "லாக்" பொத்தான் இருந்தாலும் அது குறைந்த வேகத்தில் மட்டும் கிளட்சை இறுக்கிப் பிடிக்கும். உண்மையான பூட்டு அல்ல. இந்தக் கிளட்சுக்குத் தனி எண்ணெய் உண்டு. கையேட்டில் சொன்ன இடைவெளியில் அதை மாற்றாத வண்டிகளில் பின்சக்கர இழுவை சத்தமில்லாமல் செத்துப்போயிருக்கும். உரிமையாளருக்கே தெரியாது.

ஹைபிரிட்களில் இன்னொரு வகை உண்டு. டொயோட்டா ரேவ் 4 ஹைபிரிட்டின் நான்கு சக்கர வகையில் முன்னிலிருந்து பின்னுக்குப் போகும் ஷாஃப்டே கிடையாது. பின் ஆக்ஸிலில் 40 கிலோவாட் மின்மோட்டார் தனியாக உட்கார்ந்திருக்கிறது. வழுக்கும் இடத்தில் புறப்பட நல்ல துணை. நீளமான செங்குத்துச் சேற்றில் தொடர்ந்து தள்ளும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

லோ ரேஞ்ச் யாருக்குத் தேவை?

டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் கூடுதல் கியர் குறைப்புதான் லோ ரேஞ்ச். ஜீப் ராங்லரின் வழக்கமான வகைகளில் இது 2.72 மடங்கு, ரூபிகான் வகையில் 4 மடங்கு. எண்ணாகச் சொன்னால் புரியாது, கணக்காகப் பார்ப்போம். எஞ்சின் 750 ஆர்பிஎம்மில் ஐடிலில் ஓடுகிறது. முதல் கியர் விகிதம் 4, ஆக்ஸில் விகிதம் 4, டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹையில், அதாவது சாதாரண ஓட்ட நிலையில், சக்கரம் நிமிடத்துக்கு 47 முறை சுற்றும்; வேகம் மணிக்கு 6.5 கிலோமீட்டர். 2.5 மடங்கு லோ ரேஞ்சில் போட்டால் வேகம் 2.6 கிலோமீட்டராகக் குறையும், சக்கரத்தில் கிடைக்கும் விசை 2.5 மடங்காகக் கூடும். ஒரு ஆள் மெதுவாக நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. கிளட்சைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் வண்டி தானாக ஊர்ந்து ஏறும்.

இதன் அருமை ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் தெரியும். வழுக்கும் சரிவில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி சறுக்கும். லோ முதல் கியரில் காலை எடுத்துவிட்டால் எஞ்சினே நான்கு சக்கரங்களையும் சமமாகப் பிடித்து இறக்கும். டிரெய்லரைச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போதும் லோ ரேஞ்ச் கிளட்சைக் காப்பாற்றும். இரண்டு டன் டிரெய்லரை மேட்டில் பின்னால் தள்ளும் ஐந்து நிமிடத்தில் கருகிய கிளட்சுகள் ஏராளம். பார்ட் டைம் வண்டியானால் அந்த வேலையைச் சரளையிலோ புல்லிலோ மட்டும் செய்யுங்கள். தார்ச்சாலையில் லோவில் திருப்பினால் முன்பு சொன்ன முறுக்கு சேரும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசை கடத்தும் டார்க் கன்வர்ட்டர் இருப்பதால் லோ ரேஞ்சின் தேவை கொஞ்சம் குறைகிறது. இறக்கத்துக்கும், கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறாமல் இருக்கவும் அங்கேயும் அது பயன்படும்.

ஈரப்புல்லும் சரளையும்தான் உங்கள் மோசமான நூறு மீட்டர் என்றால் லோ ரேஞ்ச் வேண்டாம். கனமான டிரெய்லர், செங்குத்து, ஆழமான தடம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டும்.

லாக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலும்

டிராக்ஷன் கன்ட்ரோல் வெறுமனே சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். அப்போது டிஃபரன்ஷியல் மறு சக்கரத்துக்கும் விசை அனுப்ப வேண்டிவரும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் சக்கரம் சுழன்ற பிறகுதான் அது விழிக்கும். அதனால் சக்கரம் சுழல ஆரம்பித்ததும் பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. மிதமான அழுத்தத்தில் இரண்டு மூன்று நொடி பிடித்திருந்தால்தான் பிரேக் வேலை செய்து வண்டி நகரும். புதிதாக ஓட்டுபவர்கள் பலர் சரியாக அந்த நொடியில் காலை எடுத்துவிட்டு, வண்டி சரியில்லை என்று முடிவு கட்டுகிறார்கள்.

பின் டிஃபரன்ஷியல் லாக் அப்படிக் காத்திருக்காது. இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். மோசமான இடத்துக்குள் நுழையும் முன்பே போட வேண்டும், நேராகப் போகும்போது மட்டும் பயன்படுத்த வேண்டும், கெட்டித் தரை வந்ததும் எடுத்துவிட வேண்டும். லாக் போட்டபடி திருப்பினால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்கும்போது லாக் போட்டால் பல் முறியலாம்.

எந்த அமைப்பானாலும் ஒன்றை மறக்கக் கூடாது. நான்கு சக்கர இழுவை புறப்படவும் ஏறவும் உதவும், நிற்க உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. வழுக்கும் சாலையில் சுலபமாகப் புறப்பட்ட தைரியத்தில் வேகம் பிடித்து, நிறுத்த முடியாமல் பள்ளத்தில் இறங்கும் வண்டிகளில் ஃபோர் வீல் டிரைவுக்குக் குறைவில்லை.

டயர்: பணத்தை முதலில் போட வேண்டிய இடம்

சாலை டயர் மாட்டிய விலையுயர்ந்த ஃபோர் வீல் டிரைவ் ஈரப்புல்லில் நின்ற இடத்திலேயே சுழல, நல்ல டயர் மாட்டிய சாதாரண ஆல் வீல் டிரைவ் அதைத் தாண்டிப் போகும். இழுவை எத்தனை சக்கரத்துக்கு வந்தாலும் தரையைத் தொடுவது டயர்தான்.

ஹெச்.டி. என்பது நெடுஞ்சாலை டயர். சத்தமில்லாதது, எரிபொருள் மிச்சம், சேற்றில் ஒரே சுற்றில் பள்ளங்கள் அடைத்து வழவழப்பாகிவிடும். எம்.டி. என்பது சேற்றுக்கான டயர். பெரிய கட்டைகள், அகலமான இடைவெளிகள், சுழலும்போதே சேற்றை வீசி எறியும். ஈரத் தார்ச்சாலையில் அதன் பிரேக் பிடிப்பு நன்றாகவே குறையும், இரைச்சல் வரும், எரிபொருள் கூடும். அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு எம்.டி. வேண்டாம் என்றே சொல்வோம். நடுவில் இருக்கும், எல்லாத் தரைக்குமான ஏ.டி. டயர்தான் இரட்டை வேலை பார்க்கும் வண்டிக்குப் பொருத்தம். பக்கச் சுவரில் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து இருப்பது போதாது. அது கட்டையின் வடிவத்தைப் பற்றித் தயாரிப்பாளர் தரும் அறிவிப்பு மட்டுமே. மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த சின்னம் இருந்தால் பனியில் சோதித்துத் தேறியது என்று பொருள். குளிர் நிலத்தில் ஓட்டுபவர் அதைத்தான் தேட வேண்டும்.

பல நாடுகளில் டயர் பள்ளத்தின் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. என்று சட்டம். சாலைக்கு அது சட்டம். சேற்றுக்கு 4 மி.மீ.க்குக் கீழே போன டயரால் பயனில்லை.

அகலமான டயர் எப்போதும் நல்லது என்பது தவறான எண்ணம். மணலில் அகலம் உதவும், மிதக்கும். மேலே கொஞ்சம் சேறும் கீழே கெட்டித் தரையும் உள்ள வயல்வாசலில், ஒடுக்கமான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையைத் தொடும். ஏறத்தாழ 1,100 கிலோ மட்டுமே உள்ள ஜிம்னி ஒடுங்கிய டயரோடு போகும் இடத்தில், இரண்டு டன்னுக்கு மேலான பெரிய வண்டிகள் புதைவதற்கு இதுவும் எடையுமே காரணம்.

காற்றழுத்தம் இன்னொரு கருவி, செலவும் இல்லை. சாலைக்கு 35 பிஎஸ்ஐ வைக்கும் டயரை மென்மையான தரையில் 22 முதல் 25க்கும், மணலில் 15 முதல் 18க்கும் குறைத்தால் டயர் நீளவாக்கில் படிந்து அதிக இடத்தைப் பிடிக்கும். குறைத்த காற்றோடு மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, ஸ்டியரிங்கைச் சடாரென்று ஒடிக்கக் கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி காற்று நிரப்ப வேண்டும். ஆகவே 12 வோல்ட் கம்ப்ரஸரும் அளவுமானியும் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள்.

நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சுற்றளவு மாறினால், நேர்ச்சாலையிலேயே ஆல் வீல் டிரைவ் கிளட்ச் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். பள்ள ஆழத்தில் 2, 3 மி.மீ. வித்தியாசமே சில வண்டிகளுக்கு அதிகம். ஒரு டயர் கிழிந்து இரண்டு மாற்ற வேண்டிவந்தது என்றால், இதைச் சொல்லி நான்காக மாற்றச் சொல்லும் மெக்கானிக்கை உடனே சந்தேகப்பட வேண்டாம்.

உயரமும் கோணங்களும்

தரையிலிருந்து வண்டியின் மிகத் தாழ்ந்த பாகம் வரை உள்ள தூரம் கிரவுண்ட் கிளியரன்ஸ். 200 மி.மீ. இருந்தால் பெரும்பாலான வண்டித்தடங்களுக்குப் போதும். ஜிம்னிக்கு 210, சுபாரு ஃபாரெஸ்டருக்கு 220. சாலைக்கார் போலத் தோன்றும் ஃபாரெஸ்டர் இந்த விஷயத்தில் பல முரட்டு வண்டிகளுக்குச் சளைத்ததில்லை. ஆனால் இந்த எண்கள் காலி வண்டிக்கானவை. தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் ஆட்களும் சாமானும் ஏறினால் அடிவயிறும் சேர்ந்து இறங்கும். திட ஆக்ஸில் வண்டியில் டிஃபரன்ஷியல் கூடு இருக்கும் உயரம் பாரத்தால் மாறாது. அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி, அதிலும் 50 மி.மீ. பெரிய விட்டம் போட்டால் கிடைப்பது 25 மி.மீ.தான்.

மேட்டை முன்பக்கம் இடிக்காமல் ஏறும் கோணம், பின்பக்கம் இடிக்காமல் இறங்கும் கோணம், வயிறு தட்டாமல் முகட்டைத் தாண்டும் கோணம் என மூன்று உண்டு. ஜிம்னியின் எண்கள் 37, 49, 28 டிகிரி. குடும்பக் கிராஸ்ஓவர்கள் பலவற்றில் முன்கோணம் 20 டிகிரிக்குக் கீழேயே நின்றுவிடும். தொங்கும் முன்பம்பர்தான் காரணம். டிரெய்லரைக் கோக்கும் டோ பார் மாட்டினால் பின்கோணம் குறையும், இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. கழற்றி மாட்டும் வகை டோ பார் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

நீரைக் கடக்கும் ஆழத்தை நிறுவனங்கள் பெருமையாகப் போடும்: ஃபோர்டு ரேஞ்சருக்கு 800 மி.மீ., ஏர் சஸ்பென்ஷன் உள்ள 2020 டிஃபெண்டருக்கு 900. அது நின்ற நீருக்கு, நடை வேகத்துக்கு. ஓடும் நீர் முழங்காலுக்கு வந்தாலே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கும். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காற்றுப்போக்கிக் குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஆழ நீரில் போய்வந்த பின் ஆக்ஸில் எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

இழுப்பதும் ஏற்றுவதும்

பெரிய ஃபோர் வீல் டிரைவ்கள் பலவற்றுக்கு 3,500 கிலோ இழுக்கும் திறன் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனி வரம்பு உண்டு. அது 6,000 கிலோ, வண்டி முழுப் பாரத்தோடு 3,200 கிலோ என்றால், இழுக்கக்கூடியது 2,800 மட்டுமே.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு குதிரை ஏற்றும் டிரெய்லர் காலியாக 950 கிலோ. குதிரை ஒன்று 550 கிலோ வீதம் 1,100. சேணம், தீவனம் 50. மொத்தம் 2,100. இதில் 7 சதவீதம், அதாவது ஏறக்குறைய 150 கிலோ, டிரெய்லரின் மூக்கு வழியாக வண்டியின் கொக்கியில் இறங்குகிறது. ஐரோப்பிய வகை டிரெய்லர்களில் 5 முதல் 7 சதவீதம் வழக்கம். அமெரிக்க வழக்கில் 10 முதல் 15. இந்த 150 கிலோ வண்டியின் பேலோடிலிருந்துதான், அதாவது அது ஏற்றக்கூடிய பாரத்திலிருந்துதான், கழியும். பேலோட் 550 கிலோ என்றால் மிச்சம் 400. நான்கு பேர் 300. மிஞ்சிய 100 கிலோவில் டோ பாரின் எடை, கூரைத் தாங்கி, நாய், பைகள் எல்லாம் அடங்க வேண்டும். ஓட்டுநரின் 75 கிலோவைச் சில நிறுவனங்கள் காலி எடையிலேயே சேர்த்துச் சொல்கின்றன, சில சேர்ப்பதில்லை; கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜிம்னியை ஆசைப்பட்டு வாங்கிக் குதிரை டிரெய்லரை மாட்ட நினைப்பவர்கள் அதன் வரம்பு 1,300 கிலோ என்பதை முதலில் பார்க்கட்டும். சிறு படகுக்குப் போதும், குதிரைக்கு நிச்சயம் போதாது.

எஞ்சின்

டிரெய்லர் இழுக்க, நீண்ட தூரம் ஓட டீசல் சரி. ஆனால் இன்றைய டீசலில் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய அதற்கு 15, 20 நிமிடம் ஓரளவு வேகத்தில் நிற்காத ஓட்டம் தேவை. தினமும் நான்கு கிலோமீட்டர் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எஞ்சின் எண்ணெயில் டீசல் கலக்கும். அப்படிப்பட்ட வாரநாள் ஓட்டம் உள்ளவருக்குப் பெட்ரோலோ ஹைபிரிட்டோதான் நல்லது. கரி எரியும் நேரத்தில் புகை வெளியேறும் குழாய் மிகக் கடுமையாகச் சூடேறும். அப்போது காய்ந்த உயரப் புல்லின் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். கோடையில் வயலோரம் நிறுத்துபவர்கள் இதைத் தவறாமல் நினைவில் வைக்க வேண்டும்.

உள்ளே என்ன ஏறும்?

இங்கே டேப்போடு போங்கள். 3.6 மீட்டர் தூண்டில் கழி இரண்டு துண்டானாலும் ஒரு துண்டு 1.8 மீட்டர் வரும். பின்சீட்டை மடக்காமல் அது உள்ளே போகாது. வயதான நாய் 80 செ.மீ. உயரத்துக்குத் தாவாது, சாய்பலகை வேண்டும். நனைந்த நாய்கள் ஏறினால் பின்கண்ணாடி உடனே ஆவி படியும். பின்பக்கக் காற்றுத்துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு சேற்றையும் மீன்நீரையும் உள்ளே இறங்காமல் தடுக்கும். கம்பள விரிப்புக்குள் ஒருமுறை இறங்கிய மீன்வாடை போகவே போகாது.

நாற்றமும் அழுக்கும் அதிகம் என்றால் பிக்கப் நல்ல தீர்வு, பின்தொட்டியை ஹோஸால் கழுவிவிடலாம். அதற்கு ஈடாக நீளம் ஐந்து மீட்டரைத் தாண்டும், திரும்பும் வட்டம் பெரிது, காலியாக ஓடும்போது லீஃப் ஸ்பிரிங் தூக்கிப்போடும். கூரைப்பெட்டி மாட்டிய உயர வண்டி பல அடுக்கு நிறுத்துமிடங்களின் 2 மீட்டர் கம்பியில் இடிக்கும். லேடர் ஃபிரேம், அதாவது ஏணி போன்ற தனி இரும்புச் சட்டம், மேல் கட்டிய வண்டி முறுக்கையும் பாரத்தையும் தாங்கும். தனிச் சட்டமில்லாமல் ஒரே கூடாகக் கட்டிய மோனோகாக் உடல் இலேசு, சாலையில் நிதானம். கனமாக இழுக்காதவருக்கு லேடர் ஃபிரேம் தேவையில்லை.

பழைய வண்டி வாங்கும்போது

அடியில் படுத்துப் பார்க்காமல் ஃபோர் வீல் டிரைவ் வாங்காதீர்கள். லேடர் ஃபிரேமின் குழாய்க்குள் சேறு தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பின் குறுக்குச் சட்டத்தையும் ஸ்பிரிங் தாங்கிகளையும் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கெட்டியான இரும்பு கணீரென்று ஒலிக்கும்; மந்தமாக ஒலித்தால் அங்கே இரும்பு மிச்சமில்லை. கடலில் படகு இறக்கிய வண்டியில் பின்பிரேக் குழாய்களும் டோ பார் இணைப்பும் முதலில் போகும். கறுப்புப் பூச்சு புதிதாக அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள்.

பார்ட் டைம் வண்டியைச் சரளைத் தரைக்குக் கொண்டுபோய் 4 ஹை (சாதாரண வேகத்தில் நான்கு சக்கர இழுவை) போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள். முன்சக்கரங்கள் தயங்கித் துள்ளினால் முன் இழுவை உண்மையில் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வழவழவென்று திரும்பினால் விளக்கு எரிந்தாலும் சேரவில்லை. பிறகு நின்று, நியூட்ரலில் வைத்து 4 லோ (லோ ரேஞ்சில் நான்கு சக்கர இழுவை) போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத லீவரும், சுவிட்ச் வகையில் அதன் வேலையைச் செய்யும் ஆக்சுவேட்டரும் துருப்பிடித்து இறுகியிருப்பது சர்வசாதாரணம். 2 ஹைக்குத் திரும்பி, தார்த்தரையில் முழு ஒடிப்பில் ஓட்டும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் முன்சக்கரத்துக்கு விசை கடத்தும் மூட்டான சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது அடியில் டங் என்று இடித்தால் யூ ஜாயின்ட். ஆல் வீல் டிரைவ் காரை ஈரப்புல் சரிவில் புறப்பட விடுங்கள்: முன்சக்கரம் அரைச் சுற்று சுழல்வதற்குள் பின்சக்கரம் தள்ள வேண்டும். நான்கு டயரும் நான்கு பிராண்ட் என்றால் அந்த வண்டியை அதன் உரிமையாளர் எப்படிக் கவனித்தார் என்று வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

யாருக்கு எது?

ஈரப்புல், சரளை, இலேசான சாமான், வாரம் முழுக்கச் சாலை என்றால் ஃபாரெஸ்டர் போன்ற ஆல் வீல் டிரைவும் நல்ல ஏ.டி. டயரும் போதும், இதற்கு மேல் வாங்குவது வீண் எடை. எங்கள் அனுபவத்தில் பெரும்பாலோர் இந்தக் கூட்டத்தில்தான் வருகிறார்கள், ஆனால் இதற்கு இரண்டு படி மேலே வாங்குகிறார்கள். குதிரை அல்லது பெரிய படகு என்றால் லோ ரேஞ்சோடு கூடிய ஃபுல் டைம் டீசல் வேகன், பஜேரோ அல்லது லேண்ட் குரூஸர் பிராடோ வகை. குறுகிய காட்டுத்தடம், ஒருவர் அல்லது இருவர் என்றால் ஜிம்னி. பிக்கப் எடுத்தால், கிடைக்கும் இடத்தில் சென்டர் டிஃபரன்ஷியல் உள்ள வகையையே கேளுங்கள். ஈரச்சாலையில் குடும்பத்தோடு ஓட்டும் வண்டிக்கு அந்தக் கூடுதல் பணம் தகும்.

வாங்கிய வண்டியில் முழு அளவு உபரிச் சக்கரம், மண்வெட்டி, இழுவைப்பட்டை, பட்டையைக் கோக்கும் 4.75 டன் ஷேக்கிள் (யூ வடிவ இரும்பு வளையம்) இரண்டு, சக்கரத்தடியில் வைக்கும் பலகைகள் இருக்கட்டும். மாட்டிய வண்டியை இழுக்கப் பட்டையை டோ பார் குமிழில் ஒருபோதும் மாட்டாதீர்கள். திடீர் இழுப்பில் குமிழ் முறிந்து குண்டுபோலப் பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. ஃபிரேமில் போல்ட் போட்ட, எடைத் தகுதி குறித்த இழுவைக் கொக்கியை மட்டும் பயன்படுத்துங்கள், பட்டை நீளத்துக்கு யாரையும் அருகில் நிற்க விடாதீர்கள். பார்ட் டைம் வண்டியானால் மாதம் ஒருமுறை மண்சாலையில் 15 கிலோமீட்டராவது 4 ஹையிலும், சில நூறு மீட்டர் 4 லோவிலும் ஓட்டினால் முன் ஆக்ஸிலின் எண்ணெய் எல்லா இடமும் பரவும், லீவரும் இறுகாது. சேற்றில் போய்வந்த அன்றே சக்கரத்தின் உள்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ரிம்முக்குள் காய்ந்த சேறு மறுநாள் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கை நடுங்க வைக்கும். பேலன்ஸ் போய்விட்டது என்று டயர் கடைக்குப் போவதற்கு முன் அங்கே ஒருமுறை பாருங்கள்.